அந்தத் தட்டில் ஈயம் இல்லை

இன்று காலை காட்சிக்கூடத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. மூடியைப் பெயர்த்ததும் வைக்கோல் வாடை முகத்தில் அடித்தது. வித்துரா பக்கத்துத் தோட்ட பங்களா ஒன்றிலிருந்து வந்த பழைய கண்ணாடிக் குவளைகள். தெர்மோகோலும் குமிழி பிளாஸ்டிக்கும் மலிந்து கிடக்கிற இந்தக் காலத்தில் யாரோ ஒரு பழைய ஆள் ஒவ்வொரு குவளைக்கும் பொறுமையாக வைக்கோல் சுற்றியிருக்கிறார். பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை. அது உன் கடையின் வாடை.

நீ போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று தெரியும். கேட்டால் கொடுப்பதற்கு நீ இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் என் மேல். மீதிப் பாதி, உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், உன் மேல்.

ஆரியசாலைச் சந்தில் உன் வாப்பாவின் பீங்கான் மொத்தக்கடை. நாலு கடை தள்ளி எங்கள் அப்பாவின் மல்லி, மிளகாய் மண்டி. பள்ளிக்கூடம் விட்டால் நான் தும்மிக்கொண்டே எங்கள் மண்டியைத் தாண்டி உன் கடைக்கு வந்துவிடுவேன். வெளியே எல்லோரிடமும் மலையாளம் பேசிப் பேசி நாக்கு வேறு திக்கில் திரும்பியிருக்கும். உன்னிடம் வந்ததும் நேராகும். நீ வைக்கோலுக்குள் கையை விட்டுக் கோப்பையை எடுத்து, நகத்தால் ஒரு தட்டு தட்டி, காதில் வைத்துக் கேட்பாய். நல்ல சரக்கு மணி மாதிரிச் சொல்லும். விரிசல் விட்டது சளி பிடித்தவன் மாதிரிச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட உன் நகத்துக்குத் தெரிந்துவிடும்.

வாப்பா படுத்த பிறகு கடையை நீதான் பார்த்தாய். ஒரு நாள் ஒரு சாயாக்கடைக்காரர் பத்திரிகையில் எதையோ படித்துவிட்டு வந்து, பீங்கானில் ஈயம் உண்டாமே, வேண்டாம் என்று வாங்கின தட்டுகளைத் திருப்பி வைத்தார். நீ அசரவில்லை.

"அண்ணே, மேல பளபளன்னு ஒரு மெருகு இருக்குல்லா, அதுக்கு மேல செவப்பும் மஞ்சளுமா வரைஞ்சிருந்தா யோசிங்க. இது மெருகுக்கு அடியில கெடக்குற நீலம். அத்தனை சூட்டுல வெந்து வந்தது. இதுல ஈயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எதுக்குப் பேடிக்கீங்க?"

அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். நான் அப்போது வரலாறு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். பீங்கானைப் பற்றிப் பிற்காலத்தில் நான் எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது நீ அன்று சாயாக்கடைக்காரரிடம் சொன்னதுதான். எந்தப் பேராசிரியரும் அதை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். பிறகு இதற்குத்தான் வரப்போகிறேன்.

உங்கள் வீட்டு மரப்பெட்டியில் வெள்ளைத் துணி சுற்றி இருந்தது அந்தச் சீனத் தட்டு. நீங்கள் அதைப் பிஞ்ஞாணம் என்பீர்கள். சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, நல்ல குழி. அடி வளையத்தில் சூளை மணல் இன்னும் ஒட்டியிருக்கும். சுற்றிலும் வட்டம் வட்டமாக நீலத்தில் அரபு எழுத்து. வேத வசனம் என்று தெரியும், ஆனால் ஓதத் தெரிந்த உன்னாலேயே பாதிதான் படிக்க முடியும். வரைந்த சீனனுக்கு எழுத்துத் தெரியாது. முன்னால் வைத்த மாதிரியைப் பார்த்துக் கோடு கோடாக இழுத்திருக்கிறான். புள்ளிகளை நினைத்த இடத்தில் வைத்திருக்கிறான். நடுவே ஒரு சதுரம், அதில் ஒன்பது கட்டம், ஒன்பது அரபு எண்கள்.

தெருவில் யாருக்குக் காய்ச்சல் விடவில்லை என்றாலும், பிள்ளை பயந்து அழுதாலும், பிரசவம் இழுத்துக்கொண்டு போனாலும் அந்தத் தட்டைத் தேடி வருவார்கள். உன் உம்மா பிஸ்மி சொல்லித் தண்ணீர் ஊற்றுவாள். எழுத்தின் மேலும் எண்ணின் மேலும் கொஞ்ச நேரம் நின்ற தண்ணீரை அவர்கள் குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெரு ஜோசியர் வீட்டு மருமகள்கூட மாமியாருக்குத் தெரியாமல் உங்கள் புறவாசல் வழியாக வந்து குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடியதை நாம் இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம்.

எண்களை முதலில் கூட்டிப் பார்த்தவள் நான். மண்டிக்காரன் மகள், எண்ணைக் கண்டால் விடமாட்டேன். நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும் என்று நீ சொன்னாய். நான் கூட்டினேன். ஐந்து வழியில் பதினைந்து வந்தது. மூன்று வழியில் வரவில்லை.

"என்னட்டி இது, பதினாலுதான வருது?"

"எட்டு இருக்க வேண்டிய மூலைல ஏழப் போட்டுட்டான், அந்தச் சீனன். அரபுல ஏழக் கவுத்துனா எட்டு. மாதிரியத் தலகீழாப் பிடிச்சானோ என்னவோ."

"அப்ப இது தப்பான தட்டுல்லா? எப்படிக் கேக்கும்?"

"கொறையிற ஒண்ணக் குடிக்கிறவ கொண்டு வரணும். எல்லாத்தையும் தட்டே தந்திட்டா நமக்கு என்ன சோலி?"

அது யாரும் உனக்குச் சொல்லித்தந்ததல்ல. அந்த நிமிடத்தில் உன் வாயில் வந்தது. நீ அப்படித்தான், பெரிய விஷயங்களைக் கோப்பை துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவாய்.

பிறகு நான் படித்துப் படித்து உனக்குக் கதை அளந்தேன். அரபில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, அதனால் எண்ணை எழுதினாலும் சொல்லை எழுதின மாதிரிதான் என்றேன். சதுரத்தின் நாலு மூலையிலும் நிற்கிற இரண்டு, நாலு, ஆறு, எட்டு சேர்ந்தால் ஒரு பெயர் வரும் என்றேன். கடிதம் வழி தவறாமல் போய்ச் சேரட்டும் என்று அந்த நாலையும் உறை மேல் எழுதுகிற பழக்கம் சில நாடுகளில் இருந்தது என்றேன். "அப்ப நம்ம தட்ட வச்சு எழுதினா கடுதாசி போய்ச் சேராது, அல்லே?" என்றாய். சீனர்களுக்கும் இதே ஒன்பது கட்டம் உண்டு, ஆற்றிலிருந்து ஏறி வந்த ஆமையின் முதுகில் கண்டார்களாம், கூட்டினால் அங்கேயும் பதினைந்துதான் என்றேன். நீ கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாய்.

"அப்ப அவன் ஊரு கட்டந்தான் இது. சொந்தச் சாமான அடையாளம் தெரியாமலா வரைஞ்சான், பாவி?"

அந்தச் சீனனை நினைத்து அன்று முழுக்க நீ சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

என் பிரசவத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு நாள் வலி. அறைக்குள் வெளிப் பொருள் எதுவும் வரக்கூடாது என்று வாசலில் எழுதியே வைத்திருந்தார்கள். நீ ஒயர் கூடையோடு வந்தாய். நர்ஸ் மறித்தார். "கஞ்ஞியாணு சிஸ்டரே, வேற ஒந்நும் இல்ல" என்று முகம் மாறாமல் சொன்னாய். கஞ்சிப் பாத்திரத்துக்கு அடியில், துண்டுக்குள், அந்தப் பிஞ்ஞாணம். உங்கள் வீட்டில் உம்மாவைத் தவிர யாரும் தொடவே யோசிக்கிற சாமானை நகரப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தாய். நீ அதில் தண்ணீர் ஊற்றியபோது நான் முனகினேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லட்டி."

"நம்பிக்கையா? தாகம் இருக்குல்லா? குடி."

குடித்தேன். சாயங்காலம் மகள் பிறந்தாள். ஊசிதான் வேலை செய்தது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம், ஊசி போடுவதற்கு முன்பே இறங்கிப் போயிருந்தது.

கடையை மூடும் காலம் வந்தது. உன் தம்பி அந்தத் தட்டைக் கொச்சியில் பழம்பொருள் வாங்கும் ஒருவரிடம் தள்ளிவிடப் பார்த்தான். நீ என்னிடம் ஓடி வந்தாய். நான் அதற்குள் கழக்கூட்டத்தில் ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே ஒரு அறக்கட்டளை நடத்துகிற இந்தக் காட்சிக்கூடத்தில் சேகரிப்புக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்திருந்தேன். நல்ல நாற்காலி. நல்ல ஏசி. "எங்ககிட்டக் குடு. என் கையில இருந்தா உன் கையில இருக்க மாதிரில்லா. எப்ப வேணும்னாலும் வந்து கேளு" என்றேன். நீ தானப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். எழுதியவள் நான் என்பதால் படிக்கவில்லை. வெளியே எடுக்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது, ஈரம் படக் கூடாது என்று அதில் எழுதியிருந்தவளும் நான்தான்.

திறப்பு விழாவுக்குப் பட்டுச் சேலை கட்டி, தலையில் முக்காடிட்டு வந்தாய். கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று நான் எழுதிய குறிப்பை எழுத்தெழுத்தாகப் படித்தாய். தென்சீனக் கடற்கரைச் சூளை. மெருகுக்கடி நீலம். எண் சதுரத்தில் வரைந்தவரின் பிழை உள்ளது. சடங்குப் பயன்பாடு.

"தண்ணி குடிச்சதப் பத்தி ஒண்ணும் இல்லியே?"

"சடங்குப் பயன்பாடுன்னு போட்டிருக்கேன்லா."

"தாகம்னு போட்டிருக்கலாம்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உனக்கு நோய் வந்தது. அந்தப் பெயரை எழுதப் பிடிக்கவில்லை. ஐந்தாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்து நீ வீட்டில் படுத்திருந்தபோது பார்க்க வந்தேன். தலையில் முடி இல்லை. வாயெல்லாம் புண். பச்சைத் தண்ணீர்கூடக் கசக்கிறது என்றாய். உன் மகள் அடுக்களைக்குப் போனதும் என் கையைப் பிடித்தாய்.

"ஒரு நாளைக்கு அந்தப் பிஞ்ஞாணத்தக் கொண்டு வாட்டி. ஒரு வாய் குடிச்சிட்டு அப்பமே தந்திருவேன்."

இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறொன்றும் இல்லை.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டைரக்டரை நினைத்தால் பயமாக இருக்கிறது, கூடத்தில் கேமரா இருக்கிறது, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், இதில் போய் மாட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லியிருந்தால் நீ கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு விட்டிருப்பாய். அந்தப் பயத்தை ஒப்புக்கொள்ள என் கௌரவம் விடவில்லை. உன் நன்மைக்காக மறுக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பழைய சாமான்லா. மெருகுல ஈயம் இருக்கும். இந்த மருந்தோட அது ஒடம்புல சேரக் கூடாது. டாக்டர் கேட்டா ஏசுவாரு."

உன்னிடம் சொன்னேன். மெருகுக்கடி நீலத்தில் ஈயம் கிடையாது என்று எனக்குச் சொல்லித்தந்த உன்னிடம்.

நீ என்னைப் பார்த்தாய். கையில் கஞ்சிக் கோப்பை இருந்தது. அதை நகத்தால் ஒரு தட்டு தட்டினாய். காதில் வைத்துக் கேட்கவில்லை.

"ஓ. ஈயமா. செரி, மதி."

அப்புறம் என் மகளுக்கு பெங்களூர் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று விசாரித்தாய். எனக்குச் சாயா போடச் சொன்னாய். சாயாவில் சர்க்கரை குறைவு என்று உன் மகளைக் கடிந்துகொண்டாய். அதன் பிறகு ஒன்றரை மாதம் இருந்தாய். நான் ஏழு தடவை வந்தேன். தட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

என் கோபம் இங்கேதான். விரிசல் விட்ட சரக்கை நடுவில் ஒளித்து அனுப்பிய வியாபாரியை ஆரியசாலை நடுத்தெருவில் நிறுத்தி, ஒவ்வொரு கோப்பையாகத் தட்டிக் காட்டி மானத்தை வாங்கியவள் நீ. என்னை மட்டும் ஏன் விட்டாய்? "யாருகிட்டட்டி ஈயக் கதை விடுக?" என்று ஒரு வார்த்தை. அது போதும். நான் அழுதிருப்பேன், மறுநாளே ஒயர் கூடையைத் தூக்கியிருப்பேன். தூக்கியிருப்பேனா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள நீ எனக்கு வழி விடவில்லை. மதி என்றாய். போதும் என்று சொன்னது தட்டையா, என்னையா என்று இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிவாசலுக்கு உன்னை எடுத்துப் போனபோது உன் வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். உன் தம்பி வந்து, "அக்கா, நீங்க கூட இருந்தது அவளுக்குப் பெரிய ஆசுவாசம்" என்றான். தலையாட்டினேன். அதையும் செய்தேன்.

நீ போன பத்தாவது நாள் டைரக்டர் கூப்பிட்டார். புதுவருடக் காலண்டருக்குப் படம் வேண்டுமாம். தட்டு வெறுமனே இருந்தால் எடுப்பாக இல்லையாம். பொருளை வெளியே எடுப்பதற்கான அனுமதிப் பாரம் ஒன்றை நிரப்பி, நானே கையெழுத்துப் போட்டு, நானே அதை வெளியே எடுத்துக் கொடுத்தேன். புகைப்படக்காரர் அதில் பேரீச்சம்பழம் அடுக்கினார். பழம் மினுங்கட்டும் என்று தண்ணீர் தெளித்தார். அரை நாள் முழுக்க மேசையில் கிடந்தது. யாரும் ஈயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வேண்டியிருந்தது ஒரே ஒரு பாரம்தான். அந்தப் பாரத்தின் கட்டு, நீ என் கையைப் பிடித்த அன்றைக்கும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அந்தக் காலண்டரை டைரக்டர் எனக்கும் ஒன்று தந்தார். வீட்டில் மாட்டவில்லை. தூரவும் போடவில்லை.

இன்று திங்கள், கூடத்துக்குப் பார்வையாளர் வராத நாள். வைக்கோல் வாடை கையை விட்டுப் போகவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு பாரம் எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் தூசி துடைக்க என்று எழுதினேன். பெட்டியின் பூட்டைத் திறந்து, உன் பிஞ்ஞாணத்தை மேசைக்குக் கொண்டு வந்து, என் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். நீலம் கொஞ்சம் அசைந்தது. எண்கள் தண்ணீருக்கு அடியில் பெரிதாகத் தெரிந்தன. நெடுக்கே கூட்டினேன். பதினாலு. கடைசி வரிசையைக் குறுக்கே கூட்டினேன். பதினாலு. அந்த ஒன்றுக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் அது இல்லை.

குடித்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. பஞ்சால் ஒற்றி எடுத்து, திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசல் காவலர், "மாடம், சாயா வேணோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேமரா அதன் பாட்டுக்குச் சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டிருந்தது. நான் அத்தனை பயந்த கேமராவில் பதிந்ததை இதுவரை யாரும் போட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆற்று ஆமை முதுகில் இருந்த தன் கட்டத்தையே அடையாளம் தெரியாமல் வரைந்தவனைப் பார்த்து நாம் சிரித்தோம். அவனாவது பார்த்தறியாத எழுத்தில் தடுமாறினான். எனக்கு முன்னால் இருந்ததோ நான் குடித்த தட்டு, என்னைக் குடிக்க வைத்தவள், நமக்கு இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த பேச்சு. அதில் தடுமாற எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மதிய வேளைகளில் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து அந்தப் பெட்டிக்கு முன் நிற்கிறார்கள். எண்களைச் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். சிலர் கூட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கு இடிக்கிறதே என்கிறார்கள். போன வாரம் ஒருத்தி, "மாடம், இதுல சாப்பிட்டா வெஷமா?" என்று கேட்டாள். அந்தத் தட்டில் ஈயம் இல்லை என்றேன். மெருகுக்கு அடியில் கிடக்கிற நீலம், அத்தனை சூட்டில் வெந்து வந்தது, நோயாளிகூடத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கலாம் என்றேன். இவ்வளவு கேட்கவில்லையே என்பது போலப் பார்த்தாள். கேட்காதவர்களிடமும் இப்போது சொல்கிறேன். அந்தத் தட்டுக்கு முன் வந்து நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன் ஒருத்தியிடம்தான் சொல்லவில்லை.